அலைச்சறுக்குப் போட்டியாளனான என் தம்பிக்காக ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி தொழில்முறை அலைச்சறுக்குப் போட்டியாளன். உடலில் எந்தக் குறையும் இல்லை. போட்டி நெருங்கினால் மனம்தான் ஒத்துழைப்பதில்லை. எத்தனை அலைகளில் ஏறினாலும், தலா 10 மதிப்பெண்ணுக்குக் கணிக்கப்படும் அவற்றில் சிறந்த 2 மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், முன்னுரிமையை (விரும்பிய அலையில் மற்றவருக்கு முன் ஏறும் உரிமையை) கையில் வைத்துக்கொண்டு நல்ல அலைக்காகக் காத்திருப்பதா, வந்ததில் ஏறிவிடுவதா என்ற தவிப்பிலேயே சுற்று முடிந்துவிடுகிறது. கடல் சரியில்லை என்று போட்டியை நாள்கணக்கில் தள்ளிவைக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: தூக்கமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, பலகையில் மெழுகைத் தேய்ப்பதும் சுரண்டுவதும் மறுபடி தேய்ப்பதுமாகவே இருக்கிறான். தோற்றால் தரவரிசையோடு விளம்பர ஒப்பந்தமும் ஆட்டம் காணும் (பயணச் செலவு மட்டும் குறையாது).

உலக சாம்பியன்களான கேப்ரியல் மெடினா 2022-இலும் ஃபிலிப்பே டொலெடோ 2024-இலும் மனநலத்துக்காகப் போட்டிகளிலிருந்து ஒதுங்கி ஓய்வெடுத்ததை எடுத்துச் சொன்னேன். "அவர்கள் பட்டம் வென்றவர்கள், திரும்பி வர இடம் கிடைக்கும்" என்கிறான். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

விளையாட்டு உளவியல் ஆலோசகரிடம் சென்ற அனுபவம் உள்ளவர்கள், அவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும், காத்திருப்பு நாள்களை எப்படிக் கழித்தீர்கள் என்றும், தோற்றுக் கரையேறுபவரிடம் வீட்டார் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.