கிறிஸ்மஸ்ல இயேசு எங்க போனார்?

பாளைக்காரி: டிசம்பர் வந்தாலே ஸ்டார் கட்றது, முறுக்கு சுடுறது, ட்ரெஸ் எடுக்குறதுன்னே ஓடிருது. நேத்து என் ஆறு வயசு பொண்ணுகிட்ட கிறிஸ்மஸ் யாரு பர்த்டேன்னு கேட்டா "சாண்டா தாத்தாவுக்கு"ங்கா, எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. உங்க வீட்ல எப்படி?

குடில்பிரியன்: நாங்க ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). இயேசு பிறந்த கொட்டகை மாதிரி வைக்கிற குடில்ல மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் முன்னாடியே வச்சிருவோம், தொட்டி மட்டும் காலி, பிள்ளைங்க ஒரு நல்ல காரியம் செஞ்சா ஒரு வைக்கோல் போடலாம், 24 ராத்திரி பூசை முடிஞ்சு வந்து கடைக்குட்டி தூக்கக் கலக்கத்தோட பாலன் இயேசுவ வைப்பான். 1223ல புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலில கிரேச்சோங்கிற ஊர்ல குடில் வச்சதே பெத்லகேம் ஏழ்மைய ஜனங்க கண்ணால பாக்கணும்னுதான், நாமதான் இப்ப சீரியல் லைட்டா போட்டு மறைக்கோம்.

லூக்கா2: நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). 4 மணி ஆராதனை முடிஞ்சு வந்ததும் லூக்கா 2, 1லருந்து 20 வரைக்கும் பிள்ளைங்களே வாசிக்கணும், அப்புறம்தான் கேக். மாமா ஜெபம் பண்ணா மட்டும் டீ ஆறிரும் 😄

வழிப்போக்கன்: சாண்டாவ ரொம்ப விரட்டாதீங்க அக்கா, அவரும் இப்ப துருக்கில இருக்கிற மீராங்கிற ஊரோட பிஷப் நிக்கொலாஸ்தான், அந்தக் கதையச் சொல்லி இயேசுகிட்ட கூட்டிட்டு வாங்க.

பாளைக்காரி: வைக்கோல் ஐடியா சூப்பர், தொட்டிக்கு ஷூ டப்பா எடுத்தாச்சு.