தனி வலைப்பூ, தள்ளுபடிச் சரக்கு: கடைசியில் கையில் நின்றது எவ்வளவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூல்கண்டு

ஐந்து வருடமாக இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். தையல் மிஷின் உதிரி பாகங்களைப் பற்றி மட்டும் எழுதும் ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். கூடவே, கடை மூடும்போதும் பழைய சரக்கைத் தள்ளும்போதும் மலிவாகக் கிடைப்பதை வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். சம்பள வேலையை விடவில்லை. விடும் அளவுக்கு இதில் வரவும் இல்லை. ஆனால் மாதாமாதம் ஏதோ வருகிறது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

முதலில் பொதுவாகத் 'தையல்' பற்றித்தான் எழுதினேன். துணி தேர்வு, அளவெடுப்பது, காலர் தைப்பது என்று அறுபது பதிவு போட்டேன். ஈ, காக்கை வரவில்லை. அப்புறம் ஒரு நாள் என் மிஷினே மக்கர் செய்தது. துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியது. டென்ஷன் திருகைத் திருகினேன், ஊசியை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது.

கடைசியில் பார்த்தால் தப்பு பாபினில், அதாவது அடிநூல் சுற்றும் சின்னச் சக்கரத்தில். என் மிஷினுக்கு வேண்டியது கிளாஸ் 66 என்ற வகை. நான் போட்டிருந்தது கிளாஸ் 15. இரண்டுமே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விட்டம். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணுக்கு நேராகத் தூக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி பிடித்தால்தான் வித்தியாசம் தெரியும். 15-இன் இரண்டு முகமும் தட்டை. 66-இன் முகங்கள் லேசாக வெளியே புடைத்திருக்கும்.

இரண்டையும் ஒரு இரும்பு ஸ்கேல் மேல் நிறுத்திப் படம் எடுத்து, நடந்ததை அப்படியே எழுதினேன். மூன்றே மாதத்தில் அந்த ஒரு பதிவுக்கு வந்தவர்கள், மற்ற அறுபதுக்கும் சேர்த்து வந்தவர்களைவிட அதிகம். அப்போதுதான் உறைத்தது. யாரும் 'தையல்' என்று தேடி என்னிடம் வரப்போவதில்லை. மிஷின் மாடல் எண்ணை அடித்து, 'எந்த பாபின்' என்று தேடித்தான் வருகிறார்கள். பாதி தைத்த துணி பக்கத்தில் கிடக்கும், ஆள் எரிச்சலில் இருப்பார். அவருக்குப் பதில் சொன்னால் போதும். அறுபது பதிவில் ஐம்பதை நானே நீக்கிவிட்டேன்.

வருமானம் இரண்டு வழியில். ஒன்று விளம்பரம். கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2003-இல் வந்தது. பக்கத்தில் காட்டும் விளம்பரத்தில் சுமார் 68% நமக்கு என்பது அதன் கணக்கு. 2024 முதல் கிளிக்குக்கு இல்லாமல், விளம்பரம் காட்டப்பட்டதற்குக் காசு என்று முறை மாறியது. என்னைப் போன்ற சின்னத் தளத்துக்கு இது கைச்செலவுக் காசு, அவ்வளவுதான்.

இன்னொன்று இணைப்புக் கமிஷன். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. நம் லிங்க்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் எதை வாங்கினாலும் பெரும்பாலும் நம் கணக்கில் ஏறும். நாம் சொன்ன பொருளைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பாபின் லிங்க்கைத் தட்டிய யாரோ ஒருவர் அதே ராத்திரி வாஷிங் மெஷின் வாங்கியிருந்தார். பாபினை வாங்கவே இல்லை! அந்த மாதம்தான் என் வாழ்நாள் சாதனை மாதம்.

இனி சறுக்கல். ஒரு மொத்தக் கடை மூடுகிறார்கள் என்று போனேன். ஊசிப் பாக்கெட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய, அடிமாட்டு விலை. அவசரத்தில் பாக்கெட்டில் போட்டிருந்த நம்பரை மட்டும் பார்த்தேன்: 90/14. வீட்டு மிஷினுக்கு எல்லோரும் கேட்கும் சைஸ். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்து என் மிஷினில் சொருகினால் உட்காரவில்லை. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், 130/705 ஹெச் என்று போட்டிருப்பார்கள். நான் அள்ளிவந்தது டிபி×1, தண்டு முழு உருண்டை, தொழிற்சாலை மிஷினுக்கானது. ஊசியைப் பற்றி வலைப்பூ நடத்துகிறவள் செய்த வேலை இது.

அட்டைப்பெட்டி

அக்கா, ஊசியையாவது தையல் கூடத்துக்காரர் யாராவது வாங்குவார். நான் புத்தகம்.

கழிவுவிலைப் புத்தகம் வாங்கி விற்பதுதான் என் வேலை. போனில் பார்கோடை ஸ்கேன் செய்தால் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று காட்டும். ஒரு தடவை, தள்ளுபடி ஸ்டிக்கரைப் பார்கோடு மேலேயே ஒட்டித் தொலைத்திருந்தார்கள். சரி என்று உள்பக்கத்தில் அச்சிட்டிருந்த ஐஎஸ்பிஎன்னை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைத் தட்டினேன். வந்த விலையைப் பார்த்ததும் கை நடுங்கியது. பதினொரு பிரதி இருந்தது, பதினொன்றையும் வாரிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் இரண்டு எண் இருக்கிறது. ஒன்று அந்தப் பாகத்துக்கு, இன்னொன்று மூன்று பாகமும் சேர்ந்த முழுத் தொகுதிக்கு. நான் தட்டியது தொகுதியின் எண். வாங்கியது இரண்டாம் பாகம் மட்டும். இரண்டாம் பாகத்தை மட்டும் தனியாகத் தேடுகிறவர் உலகத்தில் எத்தனை பேர்? இதுவரை நான்கு பேர்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் லாபக் கணக்கு. 'முப்பத்தைந்துக்கு வாங்கி நூறுக்கு விற்றேன்' என்பார்கள். என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் தளத்துக்கும் பொருளுக்கும் ஏற்ப எண் மாறும். விற்ற விலை 100 என்றால் தளத்தின் கட்டணம் 15 போகும். அனுப்பும் செலவு 20. பெட்டி, டேப், குமிழித் தாள் 5. திரும்பி வருவதால் ஆகும் நஷ்டத்தைப் பரப்பிப் போட்டால் 6. மிச்சம் 54. அதில் வாங்கின விலை 35 கழித்தால் 19. அதோடு முடியவில்லை. பத்தில் இரண்டு விற்கவே விற்காது. அந்த இரண்டின் 70-ஐ விற்ற எட்டின் தலையில் கட்டினால், தலைக்குக் கிட்டத்தட்ட 9. ஆக, நூறில் என் கையில் நிற்பது 10. கடைகடையாக அலைந்த பெட்ரோலும் என் நேரமும் இதில் இல்லை.

வலைப்பூவெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. எழுதி எட்டு மாதம் காத்திருப்பதற்கு எட்டு பெட்டி விற்றுவிடுவேன்.

சரக்கறை

என் கதை சின்னது, வலி பெரியது. ஒரு விற்பனைத் தளத்தில் தள்ளுபடி ஷூ விற்றுக்கொண்டிருந்தேன். அசல் சரக்குதான், பெரிய கடையில் பில் போட்டு வாங்கியது. 'புதியது' என்று பட்டியலிட்டேன். ஒரு நாள் காலையில் கணக்கு முடங்கியிருந்தது. அந்த ஷூ பிராண்டின் உரிமையாளர் நிறுவனம் புகார் கொடுத்திருக்கிறது, வாங்கியதற்கான இன்வாய்ஸ் அனுப்பு என்றார்கள். கடை பில்லை அனுப்பினேன். சில்லறை பில் செல்லாது, நிறுவனமோ அதன் விநியோகஸ்தரோ உங்கள் பெயரில் கொடுத்த இன்வாய்ஸ்தான் வேண்டும் என்று பதில். அது என்னிடம் எப்படி இருக்கும்? விற்ற பணமும் மூன்று மாதம் உள்ளேயே நின்றது.

காசு கொடுத்து வாங்கிய அசல் பொருளை மறுபடி விற்பது பல நாடுகளில் சட்டப்படி சரிதான். சட்டம் வேறு, தளத்தின் விதி வேறு. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. சில நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கினால்தான் உத்தரவாதம் தரும். நம் கைக்கு வந்து போனதும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. அப்படிப்பட்ட பொருளைப் 'புதியது' என்று போடுவதைத்தான் காரணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்போதெல்லாம் 'பிரிக்காதது, நிறுவன உத்தரவாதம் இல்லை' என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். விலை கொஞ்சம் குறைகிறது, தூக்கம் வருகிறது.

இரவுப்பறவை

நான் செய்தது அயோக்கியத்தனம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மீன்தொட்டிப் பொருட்களுக்கு நல்ல கமிஷன் என்று எங்கேயோ படித்தேன். என் வீட்டில் மீன் இல்லை, தொட்டியும் இல்லை. ஏஐயை வைத்து இருநூறு கட்டுரை எழுத வைத்தேன். 'சிறந்த பத்து ஃபில்டர்கள்', 'வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை' வகை. நான்கு மாதம் எண்ணிக்கை ஏறியது. தினமும் காலையில் எழுந்ததும் வரைபடத்தைத்தான் பார்ப்பேன். அப்புறம் தேடுபொறியின் முறை மாறியது. ஒரே வாரத்தில் வரைபடம் தரைக்கு வந்துவிட்டது, அப்படியே படுத்துக்கொண்டது.

அதைவிட என்னைச் சுட்டது ஒரு வாசகரின் கருத்து. ஒரு கேனிஸ்டர் ஃபில்டரைப் பற்றி, 'தொட்டியின் விளிம்பில் எளிதாகத் தொங்கவிடலாம்' என்று கட்டுரையில் இருந்தது. அவர் எழுதினார்: "கேனிஸ்டர் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இருப்பது. இரண்டு குழாய் மேலே வரும். தொங்குவது வேறு ஜாதி. நீங்கள் இதைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததே இல்லை, சரிதானே?" என்ன பதில் சொல்வது? நீக்கிவிட்டுப் போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு சின்னத் தொட்டி வாங்கினேன். பழிவாங்கவா, பிராயச்சித்தமா தெரியாது. தண்ணீர் ஊற்றினதும் மீனை விட்டுவிடக் கூடாது, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதே அப்போதுதான் தெரியும். இருநூறு கட்டுரை வெளியிட்டவனுக்கு! தினமும் சோதனைக் குழாயில் வந்த நிறத்தைப் படம் எடுத்துத் தேதியோடு போட்டேன். முப்பத்தெட்டு நாள். அந்த ஒரு தொடர்தான் இன்று என் தளம். காசு சொற்பம். ஆனால் கேள்வி கேட்டு எழுதுகிறவர்களுக்குக் கூசாமல் பதில் எழுத முடிகிறது.

புதுமுகம்

எல்லாம் படித்தேன், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம், வலைப்பூவா சரக்கா? போடுவதற்குப் பெரிய பணம் இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அட்டைப்பெட்டி

சரக்கு. ஆனால் கடைக்குப் போகாதீர்கள், முதல் இருபது பொருளை வீட்டு அலமாரியிலிருந்து எடுங்கள். படம் எடுப்பது, எடை போடுவது, விலை வைப்பது, 'இது நான் நினைத்த நீலம் இல்லை' என்று திருப்பி அனுப்புகிறவரைச் சமாளிப்பது எல்லாம் சொந்தப் பொருளிலேயே பழகிவிடும். இன்னொன்று: அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலையை நம்பாதீர்கள். அது யாரும் எப்போதும் கொடுக்காத விலையாக இருக்கலாம். கீபா போல விலை வரலாறு காட்டும் கருவிகள் இருக்கின்றன. பட்டியலில் இருக்கும் விலை ஆசை, உண்மையில் விற்றுப்போன விலைதான் நமக்கு வேண்டியது. எல்லோரும் ஒரே செயலியில் ஒரே பொருளைப் பார்த்து வாங்கினால் என்ன ஆகும் என்பதும் அந்த விலை வரலாற்றுக் கோட்டிலேயே தெரியும். ஒரு வாரம் மலை மாதிரி நிற்கும், அடுத்த வாரம் சறுக்குமரம்.

நூல்கண்டு

தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் என் அனுபவத்தில் இரண்டும் தனித்தனி இல்லை. எந்தச் சரக்கை வாங்க வேண்டும் என்று எனக்கு வலைப்பூதான் சொல்கிறது. போன வருடம் ஒரே மாதத்தில் ஏழு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உயரம் குறைந்த தண்டு மிஷினுக்கு ஜிப் தைக்கும் ஃபுட் (அந்தத் தண்டில் மாட்டித் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) எங்கே கிடைக்கும் என்று. ஏழு பேர் வாய்விட்டுக் கேட்டால், கேட்காமல் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டேன். அடுத்த கழிவு விற்பனையில் அது கண்ணில் பட்டதும் முப்பது எடுத்தேன். தண்டின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துத்தான் எடுத்தேன், ஊசியில் பட்ட சூடு! ஐந்து வாரத்தில் தீர்ந்தது. விளம்பரம் இல்லை, பதிவின் அடியில் இரண்டு வரி, அவ்வளவுதான். விற்பவள் நானே என்றும் அதில் எழுதியிருந்தேன். கமிஷன் லிங்க் இருந்தாலும் சொல்லிவிடுவேன். பல இடங்களில் அது விதி. விதி இல்லாவிட்டாலும், மறைத்தால் படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

புதுமுகம், உங்களிடம் மற்றவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் என்ன? கணினி பிரிண்டரா, சைக்கிள் பிரேக்கா, எதுவாக இருந்தாலும் சரி. அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம். சாயங்காலம் இரண்டு மணி நேரத்தில் ஒன்றை எழுத்துக்கும் ஒன்றைப் பெட்டிக்கும் என்று பிரிக்காதீர்கள், நான் செய்து பார்த்துவிட்டேன், இரண்டும் அரைகுறையாக நிற்கும். ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது.

இரவுப்பறவை

அக்கா, அந்த உருண்டை ஊசிகள் என்ன ஆயின? பாதியில் விட்டுவிட்டீர்களே.

நூல்கண்டு

நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். 'உருண்டைத் தண்டு ஊசி வீட்டு மிஷினில் பொருந்துமா' என்று ஒரு பதிவு போட்டேன், நன்றாகவே படிக்கிறார்கள். பொருந்தாது என்று படித்துத் தெரிந்துகொண்டு யாரும் வாங்காமல் போய்விடுகிறார்கள். தையல் கூடம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் ஒரே தடவையில் நூற்றிருபது பாக்கெட் எடுத்தார், போட்ட காசு அதில் வந்துவிட்டது. மிச்சம் நாற்பது பாக்கெட் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. டிபி×1, 90/14, பிரிக்காதது. தொழிற்சாலை மிஷின் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.