‘அது அவங்க கர்மா’ என்று சொல்லாத மனிதர்கள் (அனுபவப் பகிர்வு)

புத்தர் சொன்ன கர்மாவை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிக்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகனுக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு விதத்தில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "போன ஜென்மத்துல யாருக்கு என்ன செஞ்சோமோ." "அனுபவிச்சுத்தானே தீரணும்." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அப்போதெல்லாம் தங்கை பையனுடைய போர்வை ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டே இருப்பாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். அவர்கள் போனதும் என்னிடம், "நான் என்ன பாவம் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்க்கா, ஒண்ணுமே ஞாபகம் வரல" என்பாள்.

எனக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த அம்மா ஒரு நாள் சாயங்காலம் வந்தார். வந்ததும் அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார். "நீ போய்ப் படும்மா, ராத்திரி நான் உக்காந்திருக்கேன்" என்றார். தங்கை அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்: "இது என் கர்மாவாம்மா?"

"தெரியாதும்மா. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசக் கூடாதுன்னு புத்தரே சொல்லியிருக்கார்."

அவர் சொன்னதை அப்புறம் நானே தேடிப் படித்தேன். புத்தருடைய பேச்சுகளின் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் சீவகர் என்ற துறவி புத்தரிடம் வந்து கேட்கிறார்: மனிதன் அனுபவிக்கிற இன்ப துன்பம் எல்லாமே முன் செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குவது. கர்மத்தின் விளைவு எட்டாவதாகத்தான் வருகிறது. எல்லாமே பழைய வினை என்று சொல்கிறவர்கள், கண்ணெதிரே தெரிவதையும் உலகம் உண்மை என்று ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார்.

அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இன்னும் கடுமையாக ஒன்று உண்டு. சிந்தித்து எட்ட முடியாத விஷயங்கள் நான்கு. அதில் ஒன்று கர்மத்தின் விளைவு. அதைத் துருவிக்கொண்டிருந்தால் சித்தம் கலங்கும், துன்பம்தான் மிஞ்சும் என்கிறார். பையனின் கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கைக்கு நடந்துகொண்டிருந்தது அதுதான்.

துறவிகளுக்கான ஒழுங்கு விதிகளைச் சொல்லும் வினயத்தில் வரும் ஒரு சம்பவத்தையும் அந்த அம்மா சொன்னார். வயிற்றுப்போக்கு வந்த ஒரு பிக்கு, அதாவது புத்தத் துறவி, தன் கழிவிலேயே கிடக்கிறார். புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் அந்தப் பக்கம் வருகிறார்கள். ஏன் யாரும் உன்னைக் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்க, "நான் மற்ற பிக்குகளுக்கு எதுவும் செய்வதில்லை, அதனால் அவர்களும் என்னைக் கவனிப்பதில்லை" என்கிறார் அவர். ஊர்க் கணக்குப்படி இது சரியான கர்மா: செய்யாதவனுக்குச் செய்ய ஆள் இல்லை. புத்தர் அந்தக் கணக்கையே எடுக்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். பிறகு பிக்குகளின் சங்கத்தைக் கூட்டி, "உங்களைக் கவனிக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்கள் ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்" என்றார்.

அன்று ராத்திரி தங்கை நன்றாகத் தூங்கினாள். அந்த அம்மா விடியும்வரை நாற்காலியில் இருந்தார்.

* * *

சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர் நினைவுக்கு வந்தார். வீடு என்றால் வாடகைக்கு எடுத்த வீடு. நாங்கள் மூன்று பேர், மூன்று ஷிப்ட். யார் எந்த நாள் கூட்டுவது, யார் குப்பையை வெளியே வைப்பது என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தோம். சண்டை வந்ததே அந்தப் பட்டியலால்தான். "என் முறை முடிஞ்சது, இது உன் முறை" என்று தண்ணீர்க் குடம் காலியாகவே நாள் முழுக்கக் கிடக்கும்.

ஒருவர் காலி செய்து போனதும் அந்த இடத்துக்கு வந்தார் அவர். எங்களைவிட வயதில் ரொம்பப் பெரியவர். பட்டியலைப் படித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. குடம் காலியாக இருந்தால் நிரப்புவார். வாளி நிறைந்திருந்தால் கொண்டுபோய்க் கொட்டுவார். தனியாகத் தூக்க முடியாததாக இருந்தால் கையசைத்துக் கூப்பிடுவார். நாங்கள் போய் மறுபக்கம் பிடிப்போம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது தாழ்ப்பாளை விரலால் தாங்கிப் பிடித்து, சத்தம் வராமல் இறக்குவார். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த ஒரு நாள்தான் அதைக் கவனித்தேன்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு மஜ்ஜிம நிகாயத்தை எடுத்துக் கொடுத்தார். அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்று மூன்று பிக்குகள் ஒரு வனத்தில் சேர்ந்து இருக்கிறார்கள். புத்தர் பார்க்க வருகிறார். பாலும் தண்ணீரும் கலந்த மாதிரி, ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா என்று கேட்கிறார். ஆமாம் என்றதோடு விடவில்லை. எப்படி என்று கேட்கிறார். அதற்கு வரும் பதிலில் தத்துவம் குறைவு, வீட்டு வேலை அதிகம். பிச்சை ஏற்றுவிட்டு முதலில் திரும்புகிறவர் இருக்கைகளைப் போட்டுத் தண்ணீர் எடுத்து வைப்பார். கடைசியாக வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பெருக்குவார். எந்தக் குடம் காலி என்று யார் பார்க்கிறாரோ அவர் நிரப்புவார். கனமாக இருந்தால் கையசைத்து இன்னொருவரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் பேசாமலேயே தூக்குவார்கள். ஐந்து நாளைக்கு ஒரு முறை இரவு முழுக்க உட்கார்ந்து தம்மம், அதாவது புத்தரின் போதனை பற்றிப் பேசுவார்கள்.

இந்த வேலைகளுக்கு அடியில் இருக்கிற எண்ணத்தையும் அநுருத்தர் சொல்கிறார்: "இப்படிப்பட்டவர்களோடு வாழக் கிடைத்தது எனக்குப் பெரிய லாபம். என் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு இவர்கள் விருப்பப்படி நடந்தால் என்ன?" செயலிலும் பேச்சிலும் மனதிலும் அன்பு, அதுவும் அவர்கள் எதிரிலும் சரி, இல்லாதபோதும் சரி. இந்த ‘இல்லாதபோதும்’ என்பதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெரியவரிடம் மூன்றாவது ஆளைப் பற்றிக் குறை சொன்னால், "அவரும் வரட்டும், சேர்ந்து பேசுவோம்" என்று புத்தகத்தை எடுத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் எங்களுக்கும் அந்தப் பேச்சு விட்டுப்போயிற்று. எண்ணத்தையே நான் கர்மம் என்கிறேன் என்று புத்தர் சொன்னது அந்த வீட்டில்தான் எனக்குப் பிடிபட்டது. பட்டியல் இருந்தபோது செய்த வேலையும் அப்புறம் செய்த வேலையும் ஒன்றுதான். ‘இது உன் முறை’ என்ற எண்ணம்தான் காணாமல் போயிருந்தது.

* * *

சுருக்கமாக ஒன்று. என் பெரியப்பாவைக் கூட்டாளி ஏமாற்றிவிட்டார். "கர்மா அவனைச் சும்மா விடாது" என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசுவோம். பெரியப்பாவும் அந்த ஆள் வீட்டில் ஏதாவது கெட்ட சேதி என்றால் இரண்டு தடவை கேட்டுக்கொள்வார். புத்தரின் வாக்குகள் பாடல்களாக இருக்கும் தம்மபதத்தில் முதல் சில பாடல்களிலேயே வருகிறது: என்னைத் திட்டினான், அடித்தான், என் பொருளைப் பறித்தான் என்று நினைத்துக்கொண்டே இருப்பவரின் பகை தணிவதில்லை. அதைப் படித்த நாளிலிருந்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கோர்ட்டில் போட்ட வழக்கை மட்டும் விடவில்லை. "பணம் என்னது, அதைக் கேப்பேன். அவன் கெட்டுப்போறதுக்குக் காத்திருக்கிறது என் வேலை இல்ல" என்றார். நடந்துகொண்டிருக்கிற வழக்கோடு மனிதர் இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

* * *

குடம் நிரப்பும் கதைக்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அநுருத்தர் குழுவைப் புத்தர் பார்க்கப் போனதாக வினயம் சொல்வது, கோசாம்பி நகரில் சங்கமே இரண்டாகப் பிளந்த பிறகு.

உரைநூல் சொல்கிறபடி, கழிவறைப் பாத்திரத்தில் ஒரு பிக்கு மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் விட்டுவிட்டார். அவர் தம்மம் போதிப்பவர். பார்த்தவர் வினயம் கற்பிப்பவர். அது குற்றம் என்று தெரியாமல் செய்தது, பரவாயில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, தன் மாணவர்களிடம் போய் "குற்றம் செய்துவிட்டு அது குற்றம் என்றே அவருக்குத் தெரியவில்லை" என்றார். மாணவர்கள் மாணவர்களிடம் பேச, பற்றிக்கொண்டது. புத்தர் சமாதானம் பேசியும் கேட்கவில்லை. தாங்கள் நிம்மதியாக இருங்கள், இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரிடமே ஒருவர் சொன்னார். புத்தர் தனியாகக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் சிலர் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒரு நாள் புத்தக அலமாரியைப் பூட்டாமல் போனது யார் என்பதில் ஆரம்பித்து, இரண்டு அணியாகி, ஒரே நாளில் வகுப்பு எடுக்கக்கூட மறுக்கும் அளவுக்குப் போயிற்று. எங்களில் பௌத்தம் படிக்கிற ஒருவர் கோசாம்பிக் கதையை எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் ரசித்துக் கேட்டோம், ஒவ்வொருவரும் அது எதிரணிக்கான கதை என்று நினைத்தோம். எதுவும் மாறவில்லை.

பலன் கிடைத்தது அதன் முடிவைத் தனியாக ஒருவர் படித்தபோது. கோசாம்பி மக்கள் பிக்குகளை வணங்குவதையும் பிச்சை இடுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். பிக்குகள் புத்தரைத் தேடி சாவத்தி நகருக்குப் போகிறார்கள். அங்கே, அந்தத் தண்ணீர் விஷயத்தில் சங்கத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட அதே பிக்கு தனியாக உட்கார்ந்து யோசித்து, நான் செய்தது குற்றம்தான் என்று தன் பக்கத்தாரிடம் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் சங்கம் ஒன்றாகிறது. இத்தனை பெரிய சண்டையைத் தீர்த்தது தீர்ப்பு இல்லை, ஒருவர் சொன்ன அந்த ஒரு சொல்.

அடுத்த கூட்டத்தில், யாரும் சந்தேகப்படாத ஒரு டீச்சர் எழுந்து, "அலமாரியைப் பூட்டாதது நான்தான். சண்டை பெருசானதும் சொல்லப் பயமா இருந்தது" என்றார். எதிரணியில் ரொம்பக் கோபமாக இருந்தவர்தான் முதலில் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

* * *

எல்லாம் சரி. ஆனால் இணக்கம் என்ற பெயரில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அபய ராஜகுமாரன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு புத்தரோடு பேசும் சூத்திரம் ஒன்று உண்டு. பிறருக்குப் பிடிக்காததைத் தாங்கள் பேசுவீர்களா என்பது கேள்வி. இந்தக் குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். இடது கையால் தலையைப் பிடித்து, வலது விரலை வளைத்து, ரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன், குழந்தைமேல் இருக்கிற இரக்கத்தால், என்கிறான் அபயன். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், பிடிக்காத சொல்லையும் உரிய நேரம் பார்த்துச் சொல்வேன் என்கிறார் புத்தர்.

எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பராமரிப்புப் பதிவேட்டில் எந்திரத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சீனியர் ஒருவரை, ஷிப்ட் முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து கூப்பிட்டார். கருவிப்பெட்டி எடுக்கத் திரும்பி வந்ததால் என் காதில் விழுந்தது. "அண்ணே, இதை நீங்க பாக்காம எழுதியிருக்கீங்க. இதுல கை வைக்கிறது நம்ம பசங்க. வாங்க, இப்பவே ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துடுவோம். நாளைக்கு நான் மேலே சொல்லியாகணும், சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடறேன்." குரல் ஏறவில்லை. ‘எப்பவுமே நீங்க இப்படித்தான்’ என்ற பேச்சும் இல்லை. பேச்சுக்கு அங்குத்தர நிகாயம் ஐந்து தகுதிகள் சொல்கிறது: நேரம், உண்மை, மென்மை, பயன், அன்பு. ஐந்தும் அந்தப் பேச்சில் இருந்தன.

அந்தச் சீனியரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ரொம்ப நாள் அவர் மேற்பார்வையாளரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் மட்டும் தினமும் காலையில் அந்தப் பிரிவு வழியாகவே போவார், வணக்கம் சொல்வார். ஒருமுறை நான், "அவர்தான் பேசலையே, எதுக்கு சார்?" என்றேன். "பேசறதும் பேசாததும் அவர் பாடு. வணக்கம் என்னுது" என்று சொல்லிவிட்டு அன்றைய பதிவேட்டைக் கேட்டார்.