எம்எஸ்சி கெமிஸ்ட்ரி சேரப்போறேன், ஃபேகல்டியோட ரிசர்ச்சை எப்படிப் பாக்கணும்?

புதுகை மாணவி

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம் எங்களோடது. பிஎஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர்ல இருக்கேன், எங்க வீட்ல காலேஜ் படியேறின முத ஆள் நான்தான், அதனால இதெல்லாம் கேக்க வீட்ல ஆள் இல்ல, தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. எம்எஸ்சிக்கு எனக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வீட்ல இருந்து பஸ்ல போயிட்டு வர்ற தூரத்துல இருக்கற காலேஜ், அப்பாவுக்கு அதுதான் விருப்பம். இன்னொண்ணு யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட், ஹாஸ்டல்ல தங்கணும், செலவு கூடும்.

எங்க ஹெச்ஓடி மேடத்துக்கிட்ட கேட்டேன். "பேரைப் பாத்து சேராத, அங்க இருக்கறவங்க என்ன ரிசர்ச் பண்றாங்கன்னு பாத்து முடிவு பண்ணு"ன்னு சொல்லிட்டு கிளாஸுக்குப் போயிட்டாங்க. ரெண்டு நாளா வெப்சைட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன், ஒண்ணும் பிடிபடல. யுனிவர்சிட்டில ஒரு சார் பேருக்கு நேரா 300 பேப்பர் (ரிசர்ச் கட்டுரை) போட்டிருக்கு, ஹெச் இண்டெக்ஸ், சைட்டேஷன்னு வரிசையா நம்பர். அதே டிபார்ட்மென்ட்ல ஒரு மேடத்துக்கு 14 பேப்பர்தான். பக்கத்து காலேஜ்ல பாதி பேருக்கு போட்டோவும் டிகிரியும் மட்டும் இருக்கு, வேற விவரமே இல்ல. 300 பேப்பர் இருந்தா நல்ல வாத்தியாருன்னு அர்த்தமா? அவங்க ரிசர்ச் பண்றதால எம்எஸ்சி படிக்கப்போற எனக்கு என்ன கிடைக்கும்? பிஎச்டி ஆசை இருக்கு, ஆனா உறுதியா சொல்லத் தெரியல, வேலைக்கும் போயாகணும்.

மின்வேதியன்

தங்கச்சி, உங்க மேடம் சொன்னது சரி, ஆனா எப்படிப் பாக்கணும்னு சொல்லாம போயிட்டாங்க. நான் எலக்ட்ரோகெமிஸ்ட்ரில பிஎச்டி நாலாம் வருஷம்.

முதல்ல அந்த 300 நிஜமாவே அவரோடதான்னு பாரும்மா. நம்ம ஊர்ல இனிஷியலும் பேரும் மட்டும்தான், குடும்பப் பேர் கிடையாது, அதனால கூகுள் ஸ்காலர்ல அதே இனிஷியல் அதே பேர் உள்ள வேற ஆளோட பேப்பரெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும், நிறைய பேர் உக்காந்து அதை நீக்கறதில்ல. தலைப்பைப் படிச்சாலே தெரிஞ்சிடும், கெமிஸ்ட்ரி சார் கணக்குல மாட்டு நோய் பத்தின பேப்பர் இருந்தா அது வேற யாரோ. எல்லாமே அவரோடதுதான்னா வருஷத்துக்கு எத்தனைன்னு வகுத்துப் பாரு. 15 வருஷத்துல 300ன்னா வருஷத்துக்கு 20. பெரிய குரூப், வெளியில நாலு லேபோட சேந்து வேலைன்னா அது நடக்கும், அதுக்காக சந்தேகப்படச் சொல்லல. ஆனா அப்படிப்பட்ட இடத்துல உனக்குன்னு அவர்கிட்ட எவ்வளவு நேரம் இருக்கும்னு யோசி.

அடுத்து ஆத்தர் வரிசை. நம்ம ஃபீல்டுல பெரும்பாலும் வேலை செஞ்ச ஸ்டூடன்ட் பேர் முதல்ல இருக்கும், நட்சத்திரக் குறி போட்டது கைடு. கடைசி மூணு வருஷ பேப்பர்ல முதல் பேரை மட்டும் ஒரு நோட்டுல எழுதிக்கோ. அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தேடு. அதுதான் அந்த லேபோட உண்மையான ரிசல்ட்.

ஷோத்கங்கான்னு ஒரு சைட் இருக்கு, இந்தியாவுல யுனிவர்சிட்டிங்க குடுத்த பிஎச்டி தீசிஸ் லட்சக்கணக்குல அங்க கிடக்கு, காசு கிடையாது. கைடு பேரைப் போட்டுத் தேடி, அவர்கிட்ட படிச்சவங்களோட தீசிஸ்ல நன்றி சொல்ற பக்கத்தை மட்டும் படி. எந்த ஃபெல்லோஷிப்ல இருந்தாங்க, என்எம்ஆர் (மூலக்கூறோட அமைப்பைக் கண்டுபிடிக்கற டெஸ்ட்) எங்க எடுத்தாங்க, யார் கூட உக்காந்து சொல்லிக்குடுத்தா, எல்லாம் அந்த ரெண்டு பக்கத்துல வெளிய வந்துடும். "என்எம்ஆர் எடுத்துக் குடுத்த ஐஐடி மெட்ராஸ் சைஃபுக்கு நன்றி"ன்னு இருந்தா, சைஃப்ங்கறது வெளி ஆளுங்க சாம்பிளையும் டெஸ்ட் பண்ணிக் குடுக்கற கருவி மையம், அந்த டிபார்ட்மென்ட்ல மெஷின் இல்ல, சாம்பிள் அனுப்பிட்டுக் காத்திருக்கணும்னு புரிஞ்சுக்கலாம்.

என்ன கிடைக்கும்னு கேட்டியே, என் எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல நடந்ததைச் சொல்றேன். கிளாஸி கார்பன் எலக்ட்ரோடுன்னு ஒண்ணு, நுனி 3 மில்லிமீட்டர் வட்டம்தான், அதை அலுமினா பவுடர் போட்ட துணில எட்டு எழுதற மாதிரி தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கணும். முதல் மாசம் பூரா அந்த எட்டுதான். அப்புறம் ஒரு நாள் என் சைக்ளிக் வோல்டாமெட்ரில, அதாவது வோல்டேஜை ஏத்தி இறக்கி கரண்ட்டைப் பாக்கற கிராஃப்ல, புதுசா ஒரு பீக் வந்துச்சு, மூணு நாள் திருப்பித் திருப்பிப் போட்டாலும் அதே இடத்துல வருது, எனக்கு சந்தோஷம் தாங்கல, என் மெட்டீரியலோடதுன்னு நம்பிட்டேன். என் ப்ராஜெக்ட் கைடு மேடம் வந்து ஸ்கிரீனைப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்கல, நேரா நைட்ரஜன் சிலிண்டர்கிட்ட போய் ரெகுலேட்டரைப் பாத்தாங்க. முள்ளு பூஜ்யத்துல நிக்குது. "இது உன் பீக் இல்லப்பா, தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்சிஜன். நானும் பிஎச்டில இதையே ரெண்டு மாசம் புதுசுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்"னாங்க. புது சிலிண்டர் மாட்டி இருபது நிமிஷம் நைட்ரஜன் விட்டு அந்த ஆக்சிஜனை வெளியேத்திட்டு ஓட்டினா பீக் காணோம். ரிசர்ச் பண்ற வாத்தியார்கிட்ட படிக்கறதுன்னா எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் ஞாபகம் வரும், புஸ்தகத்தை மட்டும் நடத்தறவங்களுக்கு அந்த முள்ளைப் பாக்கணும்னு தோணாது.

தஞ்சை வாத்தியார்

நல்லா சொன்னீங்க தம்பி, ஆனா கடைசி வரியை நான் ஒத்துக்க மாட்டேன். நான் எய்டட் காலேஜ்ல 19 வருஷமா பாடம் எடுக்கறேன், என் பேப்பர் எண்ணிக்கை அந்த 14 பேப்பர் மேடத்தை விடக் கம்மி. யுனிவர்சிட்டி, காலேஜுக்கெல்லாம் விதி போடற யுஜிசியோட 2018 விதிப்படி அசிஸ்டென்ட் புரொஃபசருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, அதுக்கு மேல எக்ஸாம் ட்யூட்டி, நாக் (காலேஜோட தர மதிப்பீடு) வேலை, அட்மிஷன் வேலை. இதுக்கு நடுவுல லேப் நடத்தறது மலையேறற மாதிரி. பேப்பர் இல்லைன்னா பாடம் தெரியாதவங்கன்னு நினைச்சுடாதம்மா. தெர்மோடைனமிக்ஸ் நல்லா நடத்தற ஒருத்தர் கிடைச்சா, வாத்தியார் வேலைக்கும் பிஎச்டி உதவித்தொகைக்கும் எழுதற நெட் பரீட்சைல அது அப்படியே கை குடுக்கும்.

பேப்பர் எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெருசாச்சுன்னும் தெரிஞ்சுக்கோ. புரமோஷனுக்கு அது கணக்கு. மத்திய அரசோட ரேங்க் பட்டியலான என்ஐஆர்எஃப்ல, ஓவரால் பட்டியல்ல நூத்துக்கு 30 ரிசர்ச்சுக்கு. எண்ணினா மார்க்குன்னு ஆனப்புறம் எண்ணிக்கைக்காகவே எழுதறதும் நடந்துச்சு. ஏதாவது ஒரு இலைச் சாறு, சில்வர் நைட்ரேட், கலர் மாறினா நானோ பார்ட்டிகிள், வேப்பிலைக்கு ஒரு பேப்பர் துளசிக்கு ஒரு பேப்பர்னு போன காலம் நான் பாத்திருக்கேன். அதுல நல்ல வேலையும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. தப்புன்னு திரும்பப் பெற்ற பேப்பருக்கு என்ஐஆர்எஃப் 2025 பட்டியல்ல இருந்து மார்க் குறைக்க ஆரம்பிச்சிருக்காங்க. அதனால ஒரு பேப்பரைத் திறக்கறப்ப தலைப்புக்கு முன்னாடி 'ரிட்ராக்டட்'னு இருக்கான்னும் ஒரு பார்வை பாரு. ஒண்ணு இருந்தா தவறிப்போனதா இருக்கலாம், வரிசையா இருந்தா அந்தப் பக்கம் போகாத.

முக்கியமா, உனக்கு யார் பாடம் எடுப்பாங்கன்னு கேளு. வெப்சைட்ல பெரிய பேர் இருக்கும், வகுப்புக்கு வேற ஆள் வருவாங்க. போன வருஷ டைம்டேபிளை சீனியர்கிட்ட வாங்கிப் பாத்தா தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு. பக்கத்து காலேஜ்லயே சேந்தாலும் ரிசர்ச் கதவு மூடிடாது. பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்கற மூணு சயின்ஸ் அகாடமியும் சேந்து கோடை விடுமுறைல ரெண்டு மாச ஃபெல்லோஷிப் குடுக்கறாங்க, எம்எஸ்சி முதல் வருஷத்துலயே போடலாம். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்குன்னு சின்னத் தொகை குடுக்குது. காரைக்குடில சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உனக்குப் பக்கம், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு அங்க கேட்டுப் பாக்கலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து வந்த இடம் அது, நம்ம பக்கத்துப் பிள்ளைங்க பலர் அதோட வாசலைக்கூடப் பாக்காமலே எம்எஸ்சி முடிச்சுடறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆலைக்காரன்

நான் மருந்துக் கம்பெனில குவாலிட்டி கன்ட்ரோல்ல இருக்கேன், இன்டர்வியூல ஆள் எடுக்கறதுல எனக்கும் பங்கு உண்டு. எங்க யாரும் உங்க சார் எத்தனை பேப்பர் போட்டாருன்னு கேக்க மாட்டோம். ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரிச்சு அளக்கற மெஷின்) ஓட்டியிருக்கியா, அதுல ஓடற கரைசலான மொபைல் ஃபேஸ் நீயே ரெடி பண்ணியா, பேஸ்லைன் ஆடினா முதல்ல எதைப் பாப்ப, இதுதான் கேள்வி. பெரிய யுனிவர்சிட்டில இருந்து வந்த பையன் ஒருத்தன் மெஷின் பேரெல்லாம் கடகடன்னு சொன்னான், ஆனா சாம்பிளைக் குடுத்துட்டு கிராஃப் வாங்கிட்டு வந்தது மட்டும்தான், கை வச்சதே இல்ல. சின்ன காலேஜ்ல படிச்ச ஒரு பொண்ணு ஒரே ஒரு பழைய யுவி மெஷின்தான் தொட்டிருக்கு, ஆனா அதுல ஒவ்வொரு தப்பும் எதனால வரும்னு சொல்லுச்சு, அதைத்தான் எடுத்தோம். அதனால அங்க போய் மெஷினைப் பாத்தா "இதை எம்எஸ்சி பசங்க தொடலாமா"ன்னு கேளும்மா. வேலைக்குப் போறதா இருந்தா இந்த ஒரு கேள்வி போதும்.

ஏழுவருஷம்

பிஎச்டி ஆசை இருக்குன்னு சொன்னதால எழுதறேன். நான் 2016ல ஒருத்தர்கிட்ட சேந்தேன், ஃபீல்டுல ரொம்பப் பெரிய பேரு, எங்க ஊரே பாராட்டுச்சு. அவருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்குன்னு யாரும் சொல்லல, எனக்கும் கேக்கத் தோணல. அவர் போனதும் லேபைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, எங்க கெமிக்கல் பாட்டிலெல்லாம் அட்டைப் பெட்டில கட்டி வராண்டால வச்சிருந்தாங்க, நானும் என் ஜூனியரும் அதைப் பாத்துக்கிட்டே நின்னோம். புது கைடுக்கு என் டாபிக் தெரியாது, திரும்ப ஆரம்பத்துல இருந்து. ஃபெல்லோஷிப்பும் இல்ல, சாயங்காலம் ட்யூஷன் எடுத்துத்தான் மெஸ் பில் கட்டினேன். ஏழு வருஷம் ஆச்சு முடிக்க.

இப்ப யுஜிசி 2022 விதில ரிட்டயர் ஆக மூணு வருஷத்துக்கும் கம்மியா இருக்கறவங்க புதுசா ஸ்காலர் எடுக்கக் கூடாதுன்னு வந்துடுச்சு. ஒரே நேரத்துல புரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4 வரைக்கும்தான். அதனால பிஎச்டிக்குப் போறப்ப கைடுக்கு எத்தனை வருஷம் இருக்கு, எத்தனை இடம் காலின்னு கூச்சப்படாம கேளு. எம்எஸ்சி படிக்கறப்பவே சிஎஸ்ஐஆர் நெட் எழுதிடு. 2023ல இருந்து ஜேஆர்எஃப், அதாவது அந்தப் பரீட்சை மூலமா கிடைக்கற உதவித்தொகை, மாசம் 37,000 ரூபாய், அது கையில இருந்தா நீ கைடைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லைன்னா கிடைச்ச இடத்துல நிக்கணும். லேப்ல இருக்கறவங்ககிட்ட கேக்கணும்னா லேப்க்குள்ள கேக்காத, வெளிய டீக்கடைல கேளு. கெமிக்கல் வாங்க காசு யாரோடது, முதல் பேப்பர் வர எத்தனை வருஷம் ஆச்சு, லீவு கேட்டா என்ன சொல்வாங்க, இந்த மூணும்.

புதுகை மாணவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். நேத்து அப்பாவையும் கூட்டிட்டு அந்த யுனிவர்சிட்டிக்கு நேர்ல போயிட்டு வந்தேன்.

300 பேப்பர் சார் ஊர்ல இல்ல. லேப்ல எட்டு ஸ்காலர்ஸ், எல்லாரும் நல்லா பேசினாங்க, ஒரு அக்கா டீ வாங்கிக் குடுத்தாங்க. எம்எஸ்சி பசங்களை ஆளுக்கு ஒரு ஸ்காலர்கிட்ட ஒப்படைச்சுடுவாங்களாம், சாரை மாசத்துக்கு ஒரு தடவை மீட்டிங்ல பாக்கலாமாம். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு படிக அமைப்பைப் பாக்கற மெஷின்) இருக்கு, ஆனா எம்எஸ்சி பசங்க தொடக் கூடாது.

14 பேப்பர் மேடம் இருந்தாங்க. அவங்க சாயப்பட்டறைத் தண்ணில கரண்ட் விட்டு கலரை எடுக்கற வேலை பண்றாங்க. ஜன்னல் ஓரமா பத்துப் பன்னெண்டு பாட்டில், முதல் பாட்டில் பீட்ரூட் சாறு மாதிரி, கடைசி பாட்டில் குடிக்கற தண்ணி மாதிரி, ஒவ்வொண்ணுலயும் எத்தனை மணி நேரம்னு மார்க்கர்ல எழுதியிருக்கு. நான் முடிஞ்சுதான்னு கேட்டேன், "கலர் போச்சு, உப்பு போகல, அதுதான் இப்ப கஷ்டம்"னாங்க. எங்க அத்தை திருப்பூர்ல பனியன் கம்பெனிலதான் இருக்காங்க, 2011ல கோர்ட்டு சொல்லி பட்டறையெல்லாம் மூடினப்ப அவங்க வேலையில்லாம ஊருக்கே வந்துட்டாங்க. அப்பா அதை மேடத்துக்கிட்ட சொன்னார். அப்புறம் அவங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் பாட்டிலைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவுன்னு அப்பாவே ஆபீஸ்ல போய் விசாரிச்சார்.

மேடத்துக்கு மெயில் போடணும்னு இருக்கேன். என்ன எழுதறது?

தஞ்சை வாத்தியார்

நாலு வரி போதும்மா. புகழ்ந்து ஒண்ணும் எழுதாத, நாப்பது பேருக்கு அனுப்பற அதே மெயிலையும் அனுப்பாத. நீ யாரு, எப்ப வந்து பாத்தே, அவ்வளவுதான் முதல் ரெண்டு வரி. அப்புறம் அவங்க 14 பேப்பர்ல ஒண்ணைத் திறந்து புரிஞ்ச வரைக்கும் படிச்சு, புரியாத ஒரு படத்தைக் குறிப்பிட்டுக் கேளு. உப்பு ஏன் போகலைன்னு கேட்டாலே போதும், அவங்க உனக்கு ரெண்டு பக்கம் பதில் எழுதுவாங்க.