கலைச்சொல் உதவி: பாராசிட்டிக் டிரெய்ன் (parasitic drain) = ?

ஐடிஐ பயிற்றுநர், திண்டுக்கல்:
வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவின் செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி. பட்டறையில் ஒரு பழைய டீசல் பிக்கப். சாவியை எடுத்து நிறுத்தினாலும் மூன்று நாளில் பேட்டரி இறங்கிவிடுகிறது. நிற்கும் வண்டியில் எதுவோ கரண்ட் இழுக்கிறது. இதற்கு 'மின்கசிவு' என்று போடலாமா?

தமிழாசிரியர், தஞ்சை:
வேண்டாம். எந்தக் குடோன் எரிந்தாலும் நாளிதழில் 'மின்கசிவு'தான். பையன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவான். 'உறிஞ்சுமின்' எனலாம். வினைத்தொகை, ஒற்று மிகாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
ஐயா, 'காண்மின்', 'கேண்மின்' படித்தவன் அதை 'எல்லாரும் உறிஞ்சுங்கள்' என்றுதான் கொள்வான். 'மின்' ஏவற்பன்மை விகுதி என்று நன்னூலே சொல்கிறது.

தமிழாசிரியர், தஞ்சை:
அப்படியானால் 'நிலைமின்' யாருக்கு இட்ட கட்டளை?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
நிலை பெயர். உறிஞ்சு வினை.

தமிழாசிரியர், தஞ்சை:
சரி, பாராசைட் என்றால் புல்லுருவிதானே, 'மின்புல்லுருவி'? மின்னுவதால்தான் வானத்து மீனுக்கே மீன் என்று பெயர். அந்த வேர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

யாழ்ப்பாணத்து நண்பர்:
எங்கட பேப்பரில தீப்பிடிச்சா 'மின்னொழுக்கு' எண்டு வரும். அதையும் தொடாதேங்கோ.

ஆட்டோ எலக்ட்ரீசியன், கோவை:
நாங்க 'கரண்ட் இழுக்குதுங்க'ன்னுதான் சொல்றது. சாவிய எடுத்து, கதவச் சாத்தி, பேட்டரி நெகட்டிவக் கழட்டி நடுவுல அம்மீட்டர் போடுங்க. 50 மில்லியாம்புக்குள்ள இருந்தா விட்றலாம். உங்க வண்டில கம்ப்யூட்டரே இல்ல, அவ்வளவுகூட வரக்கூடாது. அரை ஆம்ப் போச்சுன்னா நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் காலி. ஃபியூஸ ஒண்ணொண்ணாப் புடுங்குங்க. எதப் புடுங்கறப்ப முள்ளு இறங்குதோ அந்த லைன்லதான் கோளாறு. எல்லாம் புடுங்கியும் இறங்கலைன்னா ஆல்டர்னேட்டர் டயோடப் பாருங்க. அந்தத் தடி வயரு பெரும்பாலும் ஃபியூஸ் பாக்ஸுக்குள்ள வராம நேரா பேட்டரிக்குப் போயிரும். மீட்டர் மாட்டிட்டு செல்ஃப் மட்டும் அடிச்சிறாதீங்க, மீட்டர் போயிரும்.

ஐடிஐ பயிற்றுநர், திண்டுக்கல்:
இதை அப்படியே கையேட்டில் போடலாம் போலிருக்கிறது! அப்படியானால் 'மின்னிழுப்பு'?

தமிழாசிரியர், தஞ்சை:
இழுப்பு என்பது மூச்சிரைப்பு நோய். வண்டிக்கு ஆஸ்துமாவா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
'மின்' முன்னால் வந்தால் யாரும் நெஞ்சைப் பிடிக்க மாட்டார்கள். 'கள்ள மின்னிழுப்பு' என்றால் பொருள் உடனே விளங்கும்.

ஆட்டோ எலக்ட்ரீசியன், கோவை:
நல்லாருக்குங்க.

யாழ்ப்பாணத்து நண்பர்:
எனக்கும் சம்மதம். நித்திரை வருது.

ஐடிஐ பயிற்றுநர், திண்டுக்கல்:
இன்றே தட்டச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

தமிழாசிரியர், தஞ்சை:
என் மறுப்பு பதிவாகட்டும். கடிகாரமும் ரேடியோ நினைவகமும் இழுப்பது வண்டிக்காரர் அறிந்தே கொடுப்பது. அதுவும் இதே கணக்கில்தான் வருகிறது. அதைக் கள்ளம் என்பது எப்படி? மொத்தத்துக்கு 'நிறுத்த மின்னிழுப்பு', அளவு மீறியதற்கு மட்டும் 'கள்ள' என்று அடிக்குறிப்பாவது போடுங்கள். புல்லுருவியை நான் இன்னும் கைவிடவில்லை.