காட்டுப்பன்றி நுரையீரல்ல வெள்ளைப் புழு, இனம் பிரிக்கவே முடியல

வால்நுனி:
காட்டு விலங்கு நோய்கள்ல ஆராய்ச்சி பண்றேன். செத்த காட்டுப்பன்றிகளோட நுரையீரல் 11 கைக்கு வந்துச்சு, வெளிய பார்க்க பெருசா ஒண்ணும் தெரியல, ஆனா பின் மடலோட ஓரத்தைக் கத்தரிச்சு லேசா அமுக்கினதும் நுரையோட வெள்ளை நூல் மாதிரி புழு சுருண்டு சுருண்டு வெளிய வருது. பன்றி நுரையீரல்ல இருக்கற புழுப் பேரினமான மெட்டாஸ்ட்ராஞ்சைலஸ்னு புரியுது, எந்த இனம்னுதான் தெரியல. நீளத்தை அளந்து பார்த்தேன், ஒத்து வரல. குடல்ல இருந்து எடுத்த மலத்தை உப்புத் தண்ணில மிதக்கவிட்டா 11ல 3ல மட்டும்தான் முட்டை கிடைக்குது, ஆனா புழு 9ல இருக்கு. எங்க தப்பு பண்றேன்?

ஈரமண்:
நீளத்தை விட்டுடுங்க, அது எல்லா இனத்துக்கும் ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் வரும். ஆண் புழுவைத் தனியா பொறுக்குங்க, சின்னது, 25 மிமீ தாண்டாது, பெண் 5-6 செமீ கூட வரும். ஆணோட வாலை லாக்டோஃபீனால்ல ஊறவிட்டா உடம்பு கண்ணாடி மாதிரி தெளிஞ்சு உள்ள ரெண்டு பழுப்பு நூல் ஓடுறது தெரியும், அதுதான் ஸ்பிக்யூல், அதாவது ஆண் புழு இணையறப்போ பயன்படுத்தற உறுப்பு, விடை அங்கதான் இருக்கு. 4 மிமீயும் அதுக்கு மேலயும் நீளமா, நுனில ஒத்தைக் கொக்கியோட இருந்தா ஏப்ரி. 2 மிமீக்குக் கொஞ்சம் மேல, அதே ஒத்தைக் கொக்கின்னா சால்மி. 1.5 மிமீ பக்கத்துல நின்னு நுனி நங்கூரம் மாதிரி ரெட்டைக் கொக்கியா இருந்தா புடென்டோடெக்டஸ். கன்ஃப்யூசஸ், அசிமெட்ரிகஸ்னு இன்னும் உண்டு, அதனால ரெண்டு வாலைப் பார்த்துட்டு முடிவு எழுதிடாதீங்க, ஒரே பன்றில ரெண்டு மூணு இனம் சேர்ந்து இருக்கறது ரொம்ப சகஜம்.

மிதவை:
முட்டை விஷயத்துல உங்க மேல தப்பில்ல, கரைசல்தான் போதல. இந்த முட்டை கனமானது, மக்னீசியம் சல்ஃபேட் நிறைகரைசல் எடுங்க, அடர்த்தி 1.28 கிட்ட இருக்கணும். சுமார் 50 மைக்ரான், ஓடு தடிச்சு மேல சொரசொரன்னு இருக்கும், உள்ள லார்வா ஏற்கெனவே சுருண்டு படுத்திருக்கும். ஆனா முட்டையை வச்சு இனம் சொல்ல முடியாது. லார்வா இருக்கற மண்புழுவைத் தின்ன பன்றிக்கு முட்டை வெளியேற கிட்டத்தட்ட 4 வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி செத்திருந்தா நுரையீரல்ல புழு இருக்கும், மலத்துல ஒண்ணும் இருக்காது. குட்டிகள்லதான் புழு அதிகம்கறதால வயசையும் தனியா குறிச்சு வைங்க.

ஈரமண்:
ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், தயவுசெஞ்சு ஃபார்மலின்ல போடாதீங்க, அப்புறம் டிஎன்ஏ பார்க்கணும்னா பெரும்பாடு. 70% எத்தனால் போதும். வாலை ஸ்லைடுக்கு வெட்டிட்டு அதே புழுவோட நடுத்துண்டைத் தனிக் குப்பில, அதே நம்பர் போட்டு வைங்க. ஸ்பிக்யூலும் டிஎன்ஏயும் ஒரே புழுவுக்குப் பொருந்தினாதான் அந்தப் பதிவு நிக்கும்.

வால்நுனி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். நேத்து ராத்திரியே உக்காந்து ஒரு பன்றில இருந்து 14 வால் பார்த்துட்டேன், 9ல நீள ஸ்பிக்யூல் ஒத்தைக் கொக்கி, 5ல குட்டையா நங்கூரம், தெளிவா தெரியுது. மிச்ச 8 பன்றிக்கும் இதே மாதிரி பார்க்கறேன், மக்னீசியம் சல்ஃபேட்டும் சொல்லியாச்சு.