தரவுத்தளத்தின் அளவு வரம்பைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாமா?

சுவடியகம் (கேள்வி):

வணக்கம். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி வழியே உரையாக்கித் தேடலுக்கு வைக்கும் பணியில் சிறு குழுவாக ஈடுபட்டிருக்கிறோம். வரும் ஆண்டுகளில் 10 லட்சம் பக்கங்கள் வரை சேரும் என்று எதிர்பார்க்கிறோம். எந்தத் தரவுத்தளம் என்ற பேச்சு வந்தபோது, குழுவில் மூத்தவர் ஒருவர் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றைக் காட்டினார். போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிள் 32 டெராபைட்டுக்கு மேல் வளராது, எஸ்கியூலைட் கோப்போ 281 டெராபைட் வரை வளரும், எனவே எஸ்கியூலைட்டே பாதுகாப்பானது என்பது அவர் வாதம். நடைமுறையில் இந்த எண்களை யாரேனும் எட்டுகிறார்களா? இல்லையென்றால் எந்த வரம்புகளை நாங்கள் கவனிக்க வேண்டும்?

பராமரிப்பாளன்:

முதலில் அந்த ஒப்பீட்டையே சரிபார்க்க வேண்டும். 281 டெராபைட் என்பது எஸ்கியூலைட்டின் பக்க அளவை (இதழின் பக்கம் அன்று, தரவைக் கோப்பில் எழுதும் துண்டின் அளவு) 65,536 பைட்டாக அமைத்தால் மட்டுமே கிடைப்பது. இயல்பான 4,096 பைட் பக்க அளவில் அது 17 டெராபைட்டை ஒட்டியே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸின் 32 டெராபைட், 8 கிலோபைட் பக்கங்களை 32 பிட் எண்ணால் எண்ணுவதால் வருவது. அதுவும் ஒரு டேபிளுக்கான வரம்புதானே தவிர, முழுத் தரவுத்தளத்துக்கானது அன்று. டேபிளைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 32 டெராபைட் உண்டு.

உங்கள் கணக்குக்கு வருவோம். யூனிகோடு உரையைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். பக்கத்துக்கு 2,000 குறியீடுகள் என்று கொண்டால் 6 கிலோபைட். 10 லட்சம் பக்கங்களுக்கு 6 ஜிபி. பக்கப் படங்களையும் தலா 1 எம்பி என்ற அளவில் உள்ளேயே சேமித்தாலும் 1 டெராபைட்தான் ஆகிறது. ஆனால் அந்த 1 டெராபைட்டை, நொடிக்கு 100 எம்பி வேகத்தில், பேக்கப்பிலிருந்து வெறுமனே நகலெடுத்து வைப்பதற்கே ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதன்பின் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களைக் கட்டும் நேரம் வேறு. உங்களுக்கு முதலில் எதிர்ப்படப் போகும் தடை அதுதான். ஆகவே படங்களைக் கோப்புகளாக வெளியே வைத்து, அவற்றின் பாதையை மட்டும் தரவுத்தளத்தில் எழுதுங்கள்.

எஸ்கியூலைட் நல்ல மென்பொருள். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அதில் எழுத முடியும். பலர் ஒரே வேளையில் மெய்ப்புத் திருத்தும் இடத்தில் டெராபைட் கணக்கைவிட இது முக்கியம்.

எழுத்தெண்ணி:

மேலே சொன்னவை சரி. எனினும் வரம்புகளே பொருட்டல்ல என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். டெராபைட்டில் சொல்லப்படும் வரம்புகள் நம் வாழ்நாளில் குறுக்கிடாமல் போகலாம். சில நூறு பைட்டுகளில் சொல்லப்படுபவை அன்றாடம் குறுக்கிடுகின்றன, தமிழில் பணிபுரிவோருக்கு ஆங்கிலத்தில் பணிபுரிவோரைவிட மும்மடங்கு விரைவில்.

கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் (புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால்) 15 குறியீடு, சேமிப்பில் 45 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் நெடுவரிசையின் அளவை எழுத்துக் கணக்கில் வேண்டும் என்று குறிப்பிடாமல் 40 என அறிவித்திருந்தால், அந்த 40 பைட் கணக்கு. இந்தப் பெயர் உள்ளே போகாது. பிழைச் செய்தி வருவதால் இதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பல வரிசைகளின் உரையை ஒன்றாக இணைக்கும் குரூப்_கான்கேட் அப்படியன்று. இயல்பமைப்பில் அதன் விடை 1,024 பைட்டோடு வெட்டுப்படும், அதாவது 341 தமிழ்க் குறியீடுகள். எச்சரிக்கை ஒன்று பதிவாகுமே தவிர வினவல் நிற்காது. ஓர் இதழின் கட்டுரைத் தலைப்புகளை எல்லாம் சேர்த்து ஒரே வரியாகக் காட்ட முயன்றால், கடைசித் தலைப்புகள் காணாமற்போனதை வாசகர் சொல்லித்தான் அறிய நேரும்.

போஸ்ட்கிரெஸிலும் ஒன்று உண்டு. அதன் இயல்பான வகையான பி-ட்ரீ இண்டெக்ஸில் ஒரு பதிவு சுமார் 2,700 பைட்டைத் தாண்டக் கூடாது. நீண்ட உரையைச் சுருக்கி வைக்கும் வசதி இருப்பதால் பல பத்திகள் தடையின்றி ஏறிவிடும். பின் ஒருநாள், அவ்வளவாகச் சுருங்காத ஒரு நீண்ட பத்தி வந்து பிழை தரும். முழு உரைக்கும் அப்படி இண்டெக்ஸ் போடாதீர்கள். ஒப்பிடுவதற்கு ஹாஷ் மதிப்பின் (உரையிலிருந்து கணக்கிடும் குறுகிய அடையாளம்) மீது ஓர் இண்டெக்ஸும், தேடலுக்குச் சொல்வாரியாகப் பட்டியலிடும் ஜின் இண்டெக்ஸும் போதும்.

இரவுப்பணி:

எண்ணிக்கை வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் நிறுவனத்தின் ஒரு டேபிளில் வரிசை எண் இந்த இடத்தைத் தொட்டதும், அவர்களுடைய சேவை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் படிக்க மட்டுமே முடிகிற நிலையில் இருந்தது. வட்டில் இடமிருந்தும் பயனில்லை. தரவை மாற்றும் ஒவ்வொரு செயலுக்கும் போஸ்ட்கிரெஸ் இடும் பரிவர்த்தனை எண்ணும் 32 பிட்தான். அந்த எண்களை மீண்டும் பயன்படுத்த வழிசெய்யும் வேக்கம் என்ற பராமரிப்புப் பணி பின்தங்கியதால், 2015இல் மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் சேவையான சென்ட்ரி பல மணி நேரம் முடங்கியது.

10 லட்சம் வரிசைகளுக்கு இது ஏன் என்று தோன்றலாம். சொற்களைத் தனி டேபிளில் வைத்தால், பக்கத்துக்கு 300 சொல் வீதம் 30 கோடி வரிசைகள். எழுத்துணரி மேம்படும்போதெல்லாம் பழையதை அழித்துப் புதிதாக ஏற்றுவீர்கள். அழித்த எண்கள் திரும்ப வாரா. ஏழு சுற்றில் 210 கோடி எண்கள் செலவாகிவிடும், எட்டாவது சுற்று பாதியில் நிற்கும். 64 பிட் எண்ணான பிகின்ட் வகைக்கு மாறினால் கூடுதலாக ஆவது வரிசைக்கு 4 பைட், மொத்தம் 1.2 ஜிபி.

சுவடியகம்:

மிக்க நன்றி, ஐயா. சொல் டேபிளின் எண்ணை ஏற்கெனவே சீரியல் வகையில் (தானாக ஏறும் 32 பிட் எண்) உருவாக்கி, சில ஆயிரம் பக்கங்களை ஏற்றிவிட்டோம். இப்போது மாற்றலாமா?

இரவுப்பணி:

இப்போதே மாற்றுங்கள். வகை மாற்றம் முழு டேபிளையும் மறுபடி எழுதும், அதுவரை டேபிள் பூட்டப்பட்டிருக்கும். இந்த அளவில் நிமிடங்களில் முடியும் வேலை, 30 கோடி வரிசைகளில் சேவையை நிறுத்தி வைத்துச் செய்ய வேண்டியதாகிவிடும். பலர் மறந்துவிடும் ஒன்று: போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல், சீரியல் உருவாக்கும் சீக்வென்ஸும் (அடுத்த எண்ணை வழங்கும் எண்ணி) 32 பிட் வகையிலேயே அமைகிறது. நெடுவரிசையின் வகையை மட்டும் மாற்றினால் சீக்வென்ஸ் பழைய உச்சத்திலேயே நின்றுவிடும். அதையும் தனியே பிகின்ட் ஆக்குங்கள். இந்த எண்ணைச் சுட்டும் பிற டேபிள்களின் நெடுவரிசைகளையும் அதே வேலையில் மாற்றிவிடுங்கள்.